இரு பிபிஎக்ஸ்களை இணைக்க ஈ1 பிஆர்ஐயா, சிப் டிரங்கா?

எக்ஸ்டென்ஷன்கள் (உள் இணைப்பு எண்கள்) தீர்ந்துபோன அலுவலக பிபிஎக்ஸுடன் (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம்) இன்னொன்றை ஈ1 பிஆர்ஐ (டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு) வழியாக இணைத்தால், ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் தெளிவாகச் செல்லும்; 31-வது அழைப்புக்கு பிஸி டோன்தான் கேட்கும், அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னொரு கார்டு வாங்க வேண்டும். கணினி நெட்வொர்க் வழியாக அழைப்புகளை அனுப்பும் சிப் டிரங்கில் இந்த வரம்பை நெட்வொர்க்கும் லைசென்ஸும்தான் தீர்மானிக்கின்றன. ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டல் தரவாக மாற்றும் முறை) ஓர் அழைப்பு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் எடுத்துக்கொள்ளும், ஜி.729-க்கு 31 போதும் என்றாலும் அதில் ஃபேக்ஸ் ஒழுங்காகப் போகாது. நெட்வொர்க் சுவிட்சில் குரலுக்கு முன்னுரிமை தராவிட்டால், யாரோ பெரிய கோப்பைப் பதிவிறக்கும் நேரத்தில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும், பழியோ பெரும்பாலும் பிபிஎக்ஸ் மீது விழும். ஒரே கட்டடம், 30-க்குள் அடங்கும் அழைப்புகள் என்றால் ஈ1 நிம்மதி. கிளைகள் பல ஊர்களில் இருந்தால் சிப்பையே பரிந்துரைப்பேன். எதுவானாலும், இருபுறத்து எக்ஸ்டென்ஷன் எண்கள் மோதாதபடி முதலிலேயே பிரித்துவிடுங்கள்.