ரெண்டரை ஏக்கர் இருபத்தஞ்சான கதை: மித்ரிலோடு ஏழு சம்பா

கஜா புயல் அடித்த 2018-க்கு அடுத்த தை மாதம். மன்னார்குடிப் பக்கம் சித்தப்பாவிடம் அப்போது இரண்டு அறுவடை மிஷின்கள்: ஒரு பெல்ட் வண்டி, ஒரு டயர் வண்டி. யார் வயலுக்கு எந்த வண்டி, எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு பாக்கி, எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில். நோட்டு சேற்றில் விழுந்த அன்றைக்கு, "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, ஏதாவது பண்ணேன்டா" என்றார்.

நோட்டுக்குப் பதிலாகப் போனில் திறக்கும் ஒரு வெப் பக்கம் செய்தேன். அதற்கு மித்ரிலை எடுத்ததற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. லியோ ஹோரி 2014-ல் வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. சுருக்கி அனுப்பினால் 10 கேபிக்குள் அடங்கிவிடும். பக்கம் மாற்றும் ரவுட்டரும் சர்வரிடம் தகவல் கேட்கும் வசதியும் அதற்குள்ளேயே உண்டு. ஒரு ஸ்கிரிப்ட் டேக் போட்டால் வேலையை ஆரம்பித்துவிடலாம். வயல் நடுவில் ஒரு புள்ளி சிக்னலில் திறக்க வேண்டிய பக்கத்துக்கு அது போதும் என்று பட்டது.

இதில், வெப் பக்கங்களை டேக் போட்டு எழுதும் எச்டிஎம்எல்லாக எதையும் எழுதுவதில்லை. எம் என்ற ஒரே ஃபங்ஷனிடம் டேக் பெயர், கிளாஸ், உள்ளே என்ன வரும் என்று சொன்னால் எலிமென்ட் தயார். பட்டனும் அப்படித்தான், பட்டியலும் அப்படித்தான். கும்பகோணத்தில் படித்துவிட்டு உதவிக்கு வந்த தம்பி, ரியாக்ட் என்ற இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் பழகியவன். "என்னண்ணே, டேக்கே காணோம்?" என்று முதல் நாள் முழித்தான். இரண்டு நாளில் பிடித்துக்கொண்டான். ஆனால் அடைப்புக்குறி எண்ணுவதில் அவனுக்கு இன்னும் எரிச்சல். நியாயம்தான், நாலு அடுக்கு உள்ளே போனால் எனக்கே கண் கட்டும். டேக் மாதிரியே எழுதும் ஜேஎஸ்எக்ஸ் போட்டும் எழுதலாம். அதற்கு பில்ட், அதாவது எழுதியதை பிரவுசருக்குப் புரியும்படி மாற்றும் ஒரு படி வேண்டும், அப்புறம் நான் எதற்கு மித்ரிலுக்கு வந்தேன்?

நான் நன்றாக மாட்டிக்கொண்டது நிலத்தின் அளவில். எங்கள் ஊரில் பாதிப் பேர் மா கணக்கு, மீதிப் பேர் ஏக்கர். 100 குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். இரண்டு பெட்டி வைத்தேன், ஒன்றில் அடித்தால் மற்றதில் தானாக மாறும். ஒரு வேரியபிளை மாற்றினால் மித்ரில் இரண்டையும் திரும்ப வரைந்துவிடும், அவ்வளவு சுலபம். ஆனால் அடித்ததை உடனே எண்ணாக மாற்றிச் சேமித்தேன். 2 அடித்துப் புள்ளி வைத்ததும், அது வெறும் 2 என்று கணக்காகி, பெட்டியில் இருந்த புள்ளி அழிந்துவிட்டது. அடுத்து 5. ரெண்டரை ஏக்கர் இருபத்தஞ்சு ஏக்கர் ஆனது. அந்த ஒரு வயலுக்கு மூன்று நாள் ஒதுக்கி, மற்றவர்களைக் காக்கவைத்து, சித்தப்பா வாங்கிய வசவுக்குக் கணக்கில்லை. அடித்த எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு கணக்கைத் தனியாகப் போட்ட பிறகு சரியானது. தப்பு என்னுடையது, லைப்ரரி மேல் போட முடியாது.

மணி ஓட்டம் காட்டும் கடிகாரம் இன்னொரு கதை. வாடகை மணிக்கணக்கில் என்பதால் வினாடி ஓடுவதை டிரைவரும் வயல்காரரும் சேர்ந்தே பார்ப்பார்கள். ஆத்தூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர், "தம்பி, தொட்டாத்தான் ஓடுது" என்றார். சரியாகத்தான் சொன்னார். பட்டனைத் தொட்டால் மித்ரில் தானாகத் திரையைப் புதுப்பிக்கும், அதன் வழியாகவே சர்வரிடம் கேட்டாலும் புதுப்பிக்கும். வினாடிக்கு ஒருமுறை ஓட நாமாக வைத்த செட்இன்டர்வெல் டைமரைக் கண்டுகொள்ளாது. எம்.ரீடிரா என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னேன், ஓடியது. அப்புறம் பார்த்தால், போன் திரை அணைந்திருந்த நேரத்தில் பிரவுசர் டைமரை நிறுத்திவைத்து, பத்து நிமிஷம் காணாமல் போயிருந்தது. இப்போது வினாடிகளை எண்ணுவதில்லை. ஆரம்பித்த நேரத்தைச் சேமித்து இப்போதைய நேரத்திலிருந்து கழிக்கிறேன்.

மித்ரிலின் ஒன்றாம் பதிப்பிலிருந்து இரண்டாம் பதிப்புக்கு மாறியபோது ஒரு சாயங்காலம் போனது. பெட்டியில் அடித்ததை எடுத்துத் தரும் எம்.வித்ஆட்டரை எடுத்துவிட்டார்கள். பட்டியலில் எல்லா வரிக்கும் அதை அடையாளம் காட்டும் கீ கொடுத்து, மொத்தம் காட்டும் வரிக்கு மட்டும் விட்டிருந்தேன். கொடுத்தால் எல்லாவற்றுக்கும் கொடு, இல்லையேல் எதற்கும் கொடுக்காதே என்று எரர் வந்து திரை வெறுமையாக நின்றது.

இவ்வளவு இருந்தும் மாற்றாததற்குக் காரணம், இந்தப் பக்கம் வருஷத்தில் பெரும்பாலும் தூங்கும். குறுவை அறுப்புக்குக் கொஞ்சம், சம்பா அறுப்புக்கு முழுசாக, அவ்வளவுதான் விழிக்கும். பில்ட் உள்ள வேறொரு வேலையை எட்டு மாதம் கழித்துத் திறந்தால், பாதி பேக்கேஜ் சண்டை போடும். இங்கே மார்கழிக் கடைசியில் ஃபைலைத் திறந்து, மணி வாடகையைத் திருத்தி, சர்வரில் ஏற்றினால் முடிந்தது. மித்ரில் ஃபைலையும் வெளியிலிருந்து இழுக்காமல் எங்கள் சர்வரிலேயே வைத்திருக்கிறேன். தம்பி மட்டும் ரியாக்டுக்கு மாற்றலாமா என்று வருஷா வருஷம் கேட்கிறான். அறுப்பு முடியட்டும் என்று நானும் வருஷா வருஷம் சொல்கிறேன்.