மூன்று வருட மட்கார்டு: வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

போன வாரம் என் சைக்கிளின் பின் மட்கார்டைப் பிடித்து வைக்கும் பிராக்கெட் மறுபடியும் உடைந்தது. மூன்று வருடத்தில் இது மூன்றாவது முறை. அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் சைக்கிள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, "அண்ணே, இதே மட்கார்டை நானும் வாங்கவா?" என்று மெசேஜ் அனுப்பினார். அப்போதிருந்த கோபத்தில் எதுவும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதல் குறை சத்தம். எவ்வளவு இறுக்கினாலும் 200, 300 கிலோமீட்டரில் நட் தளர்ந்து கடகடவென்று ஆடத் தொடங்கிவிடும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட் போட்டபிறகு பாதி குறைந்தது. கூட வந்த போல்ட்டுகள் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையின் உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் துருப்பிடித்தன. அப்புறம் இலை. மண்டாய் பக்கம் மழைக்குப் பிறகு போனால் தூங்குமூஞ்சி மரத்தின் குட்டி இலைகள் டயரோடு ஒட்டி உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். சரசரவென்று உரசும். நான் குச்சி தேடி நிற்கும்போது மற்றவர்களும் எனக்காக நிற்க வேண்டும். அதுதான் எனக்கு மிகவும் கஷ்டம்.

ஆனால் இந்த ஜனவரிப் பயணத்தைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. தீவைச் சுற்றி 120 கிலோமீட்டருக்கு மேல், ஒன்பது பேர். சாங்கி தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் வருமே, இடியில்லாமல் மணிக்கணக்காக ஊற்றும் அடைமழை, அதுதான். ஒற்றை வரிசையில் ஐந்து சைக்கிளுக்கு மேல் போகக்கூடாது என்ற விதியால் ஐந்து, நான்கு என்று பிரிந்து, நடுவில் இரண்டு விளக்குக்கம்ப இடைவெளி விட்டுப் போனோம். லிம் சூ காங் சாலையில் ஒரு நேரான பகுதியில் ஒதுங்க மரம்கூட இல்லை. காற்று பக்கவாட்டில் தள்ளியது.

வரிசையில் போகும்போது தலையில் விழும் மழை பெரிதில்லை. முன்னால் போகிறவரின் பின்சக்கரம் மணலும் எண்ணெயுமாக வாரி நம் முகத்தில் அடிக்கும் தண்ணீர்தான் கொடுமை. வாயில் மணல் நறநறக்கும், கண் எரியும், பள்ளம் தெரியாது. என் மட்கார்டின் நுனியில் தரைக்கு ஒரு சாண் உயரம்வரை தொங்கும் ரப்பர் இருக்கிறது. அது இல்லாத குட்டை மட்கார்டுகள் நம் முதுகை மட்டும்தான் காக்கும். எனக்குப் பின்னால் வந்த அக்கா கிராஞ்சியில் ஒதுங்கியபோது, "தம்பி, கடைசிவரைக்கும் நீ எனக்கு முன்னாலயே போ. உன் பின்னாலதான் கண்ணைத் திறக்க முடியுது" என்றார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. 48 வெள்ளிக்கு வாங்கிய பொருள் என்னைவிடப் பின்னால் வருகிறவருக்கு உதவும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

சரி, உங்கள் கேள்வி. இந்த மாடல் வேண்டாம், தம்பி. உடைந்த பிராக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பிரேமில் போல்ட் போடத் துளை இருந்தால், உலோகப் பிராக்கெட்டும் நீளமான ரப்பரும் உள்ளதாகப் பாருங்கள்.

என்னுடையதில் புதுப் பிராக்கெட் நேற்றிரவே மாட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறார்.