86,000 ரூபாய், ஜோடி மாறிய கிரவுன்: பழைய கார் வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. ஆனால் போனது 86,000 ரூபாய். அந்த விலைக்குத் தலைப்பாகை கிடையாது.

வண்டி அப்பாவுடையது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 1969 மாடல், 948 சி.சி., நான்கு கதவு. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான், ஆனால் அங்கே அதற்கு இரண்டே கதவு. நான்கு கதவு வைத்துச் செய்தது நம் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை. அப்பா போன பிறகு வாரம் ஒருமுறை தாம்பரம் வரை ஓட்டிவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

ஆறு மாதமாகப் பின்சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம். ஐம்பதைத் தாண்டினால் "ஊ..." என்று கிளம்பும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி. (இதை நினைவில் வையுங்கள்.) போனில் பதிவும் செய்து வைத்திருந்தேன்.

பழைய கார்களுக்கென்றே இருக்கும் ஒரு பட்டறை. பெயர் சொல்லப்போவதில்லை. பளபளவென்று வீடியோ போடுகிறவர்கள், வாசலில் எப்போதும் நாலு வின்டேஜ் நிற்கும். போனேன். முதலாளி வந்தார், பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தார். ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பானெட்டும் மட்கார்டும் ஒன்றாகத் திறந்துகொள்ளும், முன்டயர் மேலேயே உட்காரலாம். அந்த மனிதர் திண்ணையில் உட்காருகிற மாதிரி டயரில் உட்கார்ந்துகொண்டார். "எங்க சித்தப்பா இதே கலர்ல வெச்சிருந்தார் சார்" என்றார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். டீ வந்தது. ஜாக்கியில் தூக்கினார்கள், பின்சக்கரம் இரண்டும் வழக்கம்போல அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கின. வேறு ஒரு பட்டறையில் அதைப் பார்த்து "ஆக்சில் வளைஞ்சிருக்கு" என்று சொல்லியிருந்தார்கள். இவரோ, "இது ஸ்விங் ஆக்சில், இப்படித்தான் சார் தொங்கும்" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். விஷயம் தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று எந்த முட்டாள் சொன்னானோ, நான் நம்பினேன்.

"டிஃபரன்ஷியல்ல கிரவுன் பினியன் போச்சு சார். இங்கிலாந்துலருந்து வந்த புது செட் ஒண்ணே ஒண்ணு இருக்கு. நாலு யூ.ஜே. கிராஸும் மாத்திடுவோம், பேரிங், ஆயில் சீல் எல்லாம் சேர்த்து 86,000." (டிஃபரன்ஷியல் என்பது இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அதற்குள் பொருந்திச் சுழலும் பெரிய பல்சக்கரம் கிரவுன், சின்னது பினியன். யூ.ஜே. கிராஸ், ஷாஃப்டு மடங்கியபடியே சுழல உதவும் இணைப்பு.) முன்பணம் 30,000 ஜிபே. மீதி 56,000 ரொக்கம். பில் கேட்டேன். "பில் போட்டா ஜி.எஸ்.டி. பதினஞ்சாயிரம் கூடும் சார், உங்களுக்கு எதுக்கு?" என்றார். எனக்காகக் கவலைப்படுகிறாராம்! ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பழைய சாமானைக் கேட்டபோது, "அது எடைக்குப் போயிடுச்சே சார்."

ஐந்து வாரம் கழித்து வண்டி வந்தது. சத்தமும் கூடவே வந்தது. இப்போது வேறு மாதிரி: மிதித்தால் கீச்சென்று அழும், காலை எடுத்தால் முனகும்.

முதல் போன்: "புது செட் சார், ஐநூறு கிலோமீட்டர் ஓடட்டும், பல்லு பழகிடும்." ஓட்டினேன். இரண்டாவது போன்: "டிஃபரன்ஷியல்ல ஊத்தின 90 ஆயில் கெட்டியா இருக்கும், வெயில் ஏறினா சரியாயிடும்." சென்னையில், மே மாதத்தில்! மூன்றாவது முறை நேரில் போனேன், முதலாளி திருப்பதி போயிருக்கிறார் என்றான் பையன். அவருடைய ஸ்கூட்டர் உள்ளே நின்றது. நான்காவது, வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு: "ஐம்பது வருஷ வண்டி சார், சத்தம் வரத்தான் செய்யும். அமைதியா வேணும்னா எலக்ட்ரிக் வாங்குங்க." அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

போன வாரம் தாம்பரத்தில் லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். டிஃபரன்ஷியலை இறக்குவதற்கே முழு நாள் ஆகிவிட்டது, குறுக்குப் பட்டை ஸ்பிரிங் அதன் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். கிரவுனையும் பினியனையும் கம்பெனியிலேயே ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்த்து, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறிப்பார்களாம். இதில் கிரவுனில் ஓர் எண், பினியனில் வேறோர் எண். பல்லில் நீல மை தடவிச் சுற்றிக் காட்டினார். நடுப்பல்லில் விழவேண்டிய தடம் ஓரத்து விளிம்பில் விழுந்தது.

"கோயில் வாசல்ல செருப்பு மாத்திப் போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு தம்பி. ரெண்டு வண்டிச் சாமான். ரெண்டும் பழசு."

நான்கு கிராஸில் மாற்றியது, முன்னாலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சி கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டில் இரண்டு மட்டும். டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டுகளில் இருந்த இரண்டும் துருவோடு அப்படியே இருந்தன. என் போனில் இருந்த பழைய சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். "பல்லு சத்தம்னா மிதிக்கும்போதும் விடும்போதும் மாறும். இது மாறல. இது பினியன் பேரிங். எட்டாயிரத்துல முடிஞ்சிருக்கும்" என்றார்.

அதாவது 86,000 ரூபாய் கொடுத்து, அப்பா ஐம்பது வருஷம் ஓட்டிய நல்ல ஜோடியையும் அவர்களிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பணத்தைவிட இதுதான் வயிற்றை எரிக்கிறது. பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன், இந்த வண்டிக்கு ஜோடி செட் கிடைக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், ரொக்கமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பழைய சாமானை வீட்டுக்குக் கொண்டுவருவேன் என்று முதல் நாளே சொல்லுங்கள். திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை என்றார்கள். கொடுக்கப்போகிறேன். ஆனால் கையில் இருப்பது 30,000-க்கு ஜிபே ரசீது, ஒரு துண்டுச் சீட்டு, அந்தக் குரல் பதிவு. ரொக்கமாகக் கொடுத்த 56,000-க்கு என்னைத் தவிர சாட்சி இல்லை.

நேற்று அந்தப் பட்டறையின் புது வீடியோ ஒன்று வந்தது. வெள்ளை ஹெரால்டு ஒன்று, சத்தமே இல்லாமல் ஈ.சி.ஆரில் போகிறது. அதன் அடியில் ஓடுவது எங்கள் கிரவுனாகக்கூட இருக்கலாம். கேட்கலாம் என்றால், எங்கள் கிரவுனில் என்ன எண் பொறித்திருந்தது என்று எனக்குத் தெரியாது. கழற்றிய அன்று நான் முன்டயர் பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.