4 ஜிபி ரேமுக்கு எது நல்லது: இசட்ரேமா, இசட்ஸ்வாப்பா?

4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் திறந்து பாருங்கள். ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கும், மவுஸ் முள் விக்கி விக்கி நகரும். ரேம் நிரம்பி, லினக்ஸின் மையமான கெர்னல், பக்கங்களை (ரேமில் உள்ள தரவின் சிறு துண்டுகளை) டிஸ்க்கில் அதற்கென ஒதுக்கிய இடமான ஸ்வாப்புக்குத் தள்ளும் நேரம் அது. இந்தத் தொல்லையைக் குறைக்க லினக்ஸில் உள்ள இரண்டு வசதிகள்தான் இசட்ரேமும் (zram) இசட்ஸ்வாப்பும் (zswap).

இசட்ரேம் ரேமுக்குள்ளேயே ஒரு ஸ்வாப்பை உண்டாக்கி, பக்கங்களைச் சுருக்கி அதில் வைக்கும். டிஸ்க் பக்கமே போகாது. சுருக்கியதை விரிக்கச் சில மைக்ரோ வினாடி போதும்; சுழலும் டிஸ்க்கிலிருந்து எடுக்கப் பல மில்லி வினாடி ஆகும். அதனால்தான் ஸ்வாப்பினஸ் அளவை (கெர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப்புக்குத் தள்ளலாம் என்று சொல்லும் எண்) வழக்கமான 60-லிருந்து 100-க்கு மேலே ஏற்றலாம், கெர்னல் 5.8 முதல் 200 வரை போகும். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பு முதல் இதுவே இயல்பான அமைப்பு. டெர்மினலில் ‘இசட்ரேம்சிடிஎல்’ (zramctl) என்று அடித்தால், உள்ளே போனது எவ்வளவு, சுருங்கியது எவ்வளவு என்று அருகருகே காட்டும்.

இசட்ஸ்வாப் வேறு மாதிரி. டிஸ்க் ஸ்வாப்புக்கு முன்னால் நின்று பக்கங்களைச் சுருக்கி வைத்துக்கொள்ளும். இயல்பாக ரேமில் 20 சதவீதம்தான் இதன் வரம்பு. நிரம்பினால் வெகுநாள் தொடாத பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பும். இசட்ரேமுக்கு இந்தப் பக்குவம் கிடையாது. அது நிறைந்தபின், டிஸ்க்கிலும் ஒரு ஸ்வாப் இருந்தால், புதுப் பக்கங்கள்தான் டிஸ்க்குக்குப் போகும், பழையவை உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

எஸ்எஸ்டி இருக்கிறதா, ஹைபர்னேட்டும் (ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைப்பது) வேண்டுமா? சரி, இசட்ஸ்வாப் வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் யோசிக்காமல் இசட்ரேம். இரண்டையும் சேர்த்து மட்டும் போடாதீர்கள். இசட்ரேமுக்குப் போகவேண்டியதை இசட்ஸ்வாப் நடுவழியில் பிடித்துக்கொள்ளும்.