குதிரையின் மூக்கை அராவிக் கொடுத்துவிட்டார்

குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற கேப் துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா? பழுதுபார்க்கக் கொடுத்தால், திரும்ப வாங்கும்போது சுத்தியலின் மூக்கைத் திருப்பிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. இரண்டாவது குண்டிலேயே கண்ணுக்கு அரை அங்குலம் கீழே தாமிரச் சில்லு ஏறிவிட்டது. கண்ணாடி போட்டிருந்தேன், சில்லு அதன் அடி விளிம்புக்குக் கீழே போயிருக்கிறது.

சுத்தியல் என்கிறேனே, விசையை இழுத்தால் கேப்பின்மேல் விழுந்து அடிக்கிற பாகம், அதைப் பழைய ஆட்கள் குதிரை என்பார்கள். அதில் விரிசல் விட்டிருந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கொடுத்தேன். பழுதுபார்ப்பவர் புதுசு என்று காசு வாங்கிக்கொண்டு வேறொரு துப்பாக்கியின் பூட்டிலிருந்து கழற்றியதை மாட்டியிருக்கிறார். அதன் கழுத்து கொஞ்சம் நீளம். வளைந்து இறங்கும்போது நிப்பிளை, அதாவது கேப்பை மாட்டுகிற துளையுள்ள சின்ன முளையை, தாண்டி முன்னால் போய் விழும், பின்பக்க விளிம்பு நிப்பிளில் இடிக்கும். சரியான குதிரை தேடுவதற்குப் பதில் இடிக்கிற விளிம்பை அராவித் தள்ளிவிட்டார்.

அந்த விளிம்பு அலங்காரத்துக்கு இல்லை. கேப் என்பது மெல்லிய தாமிரக் குப்பி. உள்ளே இருக்கும் வெடிமருந்து அடிபட்டு வெடிக்கும்போது குப்பியும் கிழியும். குதிரையின் மூக்கு தட்டையாக இருந்தால் துண்டுகள் நாலா பக்கமும் தெறிக்கும். அதனால்தான் மூக்கில் குழி குடைந்திருப்பார்கள். குழியின் அடித்தளம் கேப்பை அடிக்கும், சுற்றுச் சுவர் கேப்பை மூடிக்கொண்டு துண்டுகளைத் தடுக்கும். என் குதிரையில் சுவர் இல்லாத பக்கம், சுடுபவன் முகம் இருக்கிற பக்கம்.

கேட்டால், "சில துப்பாக்கியில வெட்டு விட்டே வருதே சார், உங்க கேப்தான் மட்டம்" என்றார். வெட்டு வருவது உண்மைதான். ஆனால் அது முன்பக்கம் வரும், புகையும் துண்டும் முகத்துக்கு எதிர்த்திசையில் போகட்டும் என்று. பின்னால் வெட்டிவிட்டு அதையே சாட்சி சொல்ல ஒரு தைரியம் வேண்டும்!

இன்னொன்றையும் அவர் கவனிக்கவில்லை. நிப்பிளின் துளை தேய்ந்து அகன்றிருந்தது. அகன்றால் குழலுக்குள்ளிருந்து வாயு அதிகமாகப் பின்னோக்கி வந்து குதிரையையே தூக்கிவிடும். சுட்ட பிறகு அது பாதி ஏற்றத்தில் நின்றிருந்ததை நானும் முதல் குண்டிலேயே பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குதிரையை அழுத்தும் வில் (ஸ்பிரிங்) தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். குழலில் மருந்து இல்லை என்று கெட்டிக்கும் கம்பியை விட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கேப் போடாமல் நிப்பிள் தலையில் கரி தடவி, குதிரையைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்குங்கள். கரி குழியின் அடியில், நடுவில் வட்டமாகப் பதிய வேண்டும். சுவரில் பட்டிருந்தால் அந்தக் குதிரை அந்தத் துப்பாக்கிக்கு உரியதில்லை.

கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. நீளத்தை ஒப்பிட்டுக் காட்டலாம் என்று விரிசல் விட்ட பழைய குதிரையைக் கேட்டேன். பழைய இரும்போடு போட்டுவிட்டாராம்.