மாரி நாற்றுக்கு எந்த விளக்கு? வீட்டுக்குள் கன்று வளர்ப்போருக்கான ஒரு மதிப்பீடு

மாரி காலத்தில் தக்காளி, மிளகாய், கத்தரிக் கன்றுகளை வீட்டுக்குள் வளர்த்தெடுக்க நினைப்பவர்கள், தாவர வளர்ப்பு விளக்கு என்ற பெயரில் விற்கப்படும் ஊதா நிற விளக்குகளை வாங்கத் தேவையில்லை. பெட்டியில் 6500 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் காட்டும் அளவு) என்று குறிக்கப்பட்ட, நான்கடி நீளமான, சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. ரியூப் லைற் நான்கை ஒரு றாக்கையின் தட்டுக்குக் கீழே பொருத்தி, கன்றின் தலைக்கு மேலே ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில் எரியவிட்டால் நமது தேவைக்கு அது போதும். சந்தையில் கிடைக்கும் வகைகளை ஒரே விதை, ஒரே தும்புத்தூள் கலவை, ஒரே அறை என்ற ஒழுங்கில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே இதனை உறுதியாக எழுதுகிறேன்.

வெயில் மிகுந்த யாழ்ப்பாணத்தில் விளக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆண்டின் பெரும்பகுதியில் அது தேவையே இல்லை. ஆனால் மழை ஓய்ந்ததும் மார்கழிக் கடைசியிலும் தையிலும் தோட்டத்தில் நட வேண்டிய கன்றுகளுக்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே விதை போட்டாக வேண்டும். நமது ஆண்டு மழையின் பெரும்பகுதி கொட்டுவதும் அதே மாதங்களில்தான். வைக்கோலும் உமியும் எரித்து மண்ணைச் சுத்தப்படுத்தி, கிடுகு அல்லது பொலித்தீன் கூரை போட்டு மேடை நாற்று வளர்க்கும் முறை நல்ல முறைதான். எனினும் மழை விடாமல் பெய்யும் கிழமைகளில் மேடை ஈரம் காயாமல் நாற்றழுகல் நோய் வந்து, காலையில் நிமிர்ந்து நின்ற கன்றுகள் மாலையில் அடித்தண்டு கறுத்து வரிசையாகச் சாய்ந்து விடுகின்றன. 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசம்பரில் புரெவி புயலும் வந்தபோது தோட்டங்களில் வெள்ளம் நின்றதை வலிகாமத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இவற்றோடு நத்தையும் அணிலும் கோழியும் செய்யும் சேதம் வேறு. பத்துப் பேர்ச் காணியில் ஐம்பது கன்று வைக்க விரும்பும் ஒரு குடும்பத்துக்கு, அந்த நான்கைந்து கிழமைகள் மட்டும் நாற்றுத் தட்டை வீட்டுக்குள் வைத்துக் காப்பது மிகப் பொருத்தமான வழியாகும்.

வீட்டுக்குள் வைத்தவுடன் ஒளி குறைந்து விடுகிறது. உச்சி வெயிலில் வெளியே ஏறத்தாழ ஓர் இலட்சம் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) ஒளி இருக்கும். மழை மூட்டம் போட்ட நாளில், விறாந்தைக் கூரைக்குப் பின்னால் இருக்கும் யன்னலோரத்தில் அதில் நூற்றில் ஒரு பங்கு கிடைப்பதும் அரிது. நமது கண் இருட்டுக்குப் பழகிக் கொள்வதால் அறை வெளிச்சமாகவே தோன்றும்; கன்றோ ஒளியைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகும். நாற்றுப் பருவத்துக்கு ஒரு சதுர மீற்றருக்குச் செக்கனுக்கு 150 முதல் 250 மைக்ரோமோல் (பயிருக்குப் பயன்படும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு) வரை ஒளி போதுமானது. வெள்ளை எல்.ஈ.டி. விளக்குக்கு ஏறத்தாழ 70 லக்ஸை ஒரு மைக்ரோமோல் என்று கொள்ளலாம் என்பதால், கைத்தொலைபேசியின் ஒளி அளக்கும் செயலியில் 10,000 முதல் 17,000 வரை காட்டினால் சரி. அந்தச் செயலி துல்லியமான கருவி அன்று. ஆனால் எந்த மூலையில் ஒளி குறைவு, எந்த உயரத்தில் எவ்வளவு வேறுபாடு என்று ஒப்பிட்டுப் பார்க்க அது தாராளமாக உதவும்.

முதலில், வளைகிற கழுத்தும் கவ்வியும் கொண்ட சிறிய விளக்குகள். இணையவழிக் கடைகளில் விலை குறைவாகக் கிடைப்பதால் பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். வாங்க வேண்டாம். பெட்டியில் 80 வாற்ஸ் என்று எழுதியிருந்தாலும், மின்சாரம் வருவது தொலைபேசிச் சார்ஜரின் யூ.எஸ்.பி. வயர் வழியாகவே என்றால், 5 வோல்ற் 2 அம்பியர் என்ற அந்த வழியில் 10 வாற்ஸுக்கு மேல் வரவே முடியாது. அந்த 10 வாற்ஸ் ஒளியும் ஒரே வட்டமாக விழுகிறது. வட்டத்தின் நடுவில் நின்ற கன்றுகள் ஓரளவு நன்றாக வளர்ந்தன. ஓரத்தில் நின்றவையோ விளக்கை நோக்கிச் சரிந்து, நூல் போன்ற வெளிறிய தண்டுடன், பூவாளியால் தண்ணீர் விட்டபோதே படுத்து விட்டன. கறிவேப்பிலைக் கன்று ஒன்றையோ மேசையில் வைத்த ஒரு சாடியையோ பேணுவதற்கு இது உதவலாம். நாற்றுத் தட்டுக்கு உதவாது.

அடுத்தது ஊதா நிறத்தில் எரியும் பலகை விளக்கு. இலையின் பச்சையம் 450 நனோமீற்றர் அலைநீளத்தை அண்டிய நீலத்தையும் 660 நனோமீற்றரை அண்டிய சிவப்பையும் அதிகம் உறிஞ்சுகிறது என்ற உண்மையை அடிப்படையாகக் கொண்டு, அந்த இரண்டு நிறங்களை மட்டும் தருவதே இதன் நோக்கம். ஆனால் பச்சை ஒளி பயிருக்குப் பயன்படாது என்று அதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. 1972இல் மக்றீ என்னும் ஆய்வாளர் 22 பயிர் இனங்களின் இலைகளில் அளந்து வெளியிட்ட முடிவுகளின்படி, 400 முதல் 700 நனோமீற்றர் வரையான முழு வீச்சிலும் ஒளித்தொகுப்பு நடைபெறுகிறது. பச்சைப் பகுதியில் அது ஓரளவு குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. ஆகவே இந்த விளக்கில் கன்று வளரும், நன்றாகவே வளரும். இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. 1000 வாற்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு, உண்மையில் நூறு வாற்ஸ் அளவே இழுக்கும் விளக்குகள் இந்த வகையில் மலிந்து கிடக்கின்றன. பெட்டியின் முகப்பில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பின்புற ஒட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் உண்மையான மின்நுகர்வைப் பார்த்தே விலையை மதிப்பிட வேண்டும். லக்ஸ் செயலியும் இங்கே கைகொடுக்காது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் பச்சை உணர்வை ஒட்டிய அளவு ஆகையால் ஊதா ஒளியை அது மிகக் குறைத்தே காட்டும்.

அயலில் பல காலமாகத் தோட்டம் செய்த ஒரு அம்மா இந்த விளக்கைப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை, இந்த நிறத்துக்குள்ள கன்று மஞ்சளோ பச்சையோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?" என்று கேட்டார். இந்த விளக்கின் மீது வைக்கத்தக்க மிகச் சரியான விமர்சனம் அதுவே. ஊதா ஒளியில் எல்லா இலைகளும் கறுப்பாகவே தெரிகின்றன. தழைச்சத்துக் குறைந்து அடி இலை மஞ்சளாவதையும், இலையின் கீழே அசுவினி ஒட்டியிருப்பதையும், நாற்றழுகலின் முதல் கறுப்புக் கோட்டையும் காண வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் விளக்கை அணைத்து விட்டு ரோச் அடிக்க வேண்டியிருக்கிறது. நாற்றுப் பருவத்தில் நோயை ஒரு நாள் பிந்திக் கண்டால் தட்டின் பாதி போய்விடும்.

இனி வெள்ளை ரியூப் லைற். யாழ்ப்பாண நகரிலும் சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும் உள்ள எந்த மின்சாதனக் கடையிலும் கிடைப்பது, உத்தரவாத அட்டையோடு வருவது, பழுதானால் அடுத்த நாளே மாற்றிக்கொள்ளக் கூடியது என்பதே இதன் முதற் சிறப்பு. நான்கடி நீளமான ஒன்று பொதுவாக 18 வாற்ஸ் அளவும் 1,800 முதல் 2,000 லூமன் (விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு) வரையும் இருக்கும். இரண்டு போட்டால் போதாது, நான்கு வேண்டும். நான்கையும் ஒரு முழ அகலத்துக்குள் சம இடைவெளியில் பொருத்தி, கன்றின் நுனியிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்தபோது தட்டின் நடுவில் 12,000 லக்ஸை ஒட்டிக் காட்டியது; ஓரங்களில் குறைந்தது. றாக்கையின் பக்கங்களில் வெள்ளை ரெஜிபோம் துண்டுகளை நிறுத்தியதும் ஓரத்து ஒளி கண்ணால் பார்த்தே அறியக்கூடிய அளவுக்குக் கூடியது. ஒரு சதமும் மின்கட்டணம் கூடாமல் ஒளியைக் கூட்டும் வழி இது என்பதால், எந்த விளக்கை வாங்கினாலும் இதைச் செய்யுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, மஞ்சள் சாயல் உள்ள 3000 கெல்வினைத் தவிர்த்து, 6500 கெல்வினையே நாற்றுக்கு எடுக்க வேண்டும். அதில் நீலத்தின் பங்கு அதிகம். நீலம் தண்டின் நீட்சியைக் கட்டுப்படுத்தும். இந்த ஒளியில் மூன்று கிழமைகள் நின்ற தக்காளிக் கன்றின் தண்டு ஈர்க்கை விடத் தடித்து, அடியில் ஊதா நிறம் படர்ந்து, மெல்லிய மயிர்கள் நிறைந்து, விரலால் தடவியதும் தக்காளி மணம் கையில் ஒட்டிக்கொள்ளும்படி இருந்தது. திருநெல்வேலி ஊதாக் கத்தரி சற்று மெதுவாகவே வந்தது. அது அந்த இனத்தின் இயல்பு, விளக்கின் குற்றமன்று. மிளகாய்க்கு முளைக்கவே ஒரு கிழமைக்கு மேலாகும். குளிர்நாட்டு நூல்கள் வலியுறுத்தும் சூடாக்கும் விரிப்பு இங்கே முற்றிலும் வீண் செலவு, ஏனெனில் மாரியிலும் நமது அறைகளின் வெப்பம் முளைப்புக்குப் போதுமானதாகவே இருக்கிறது.

பழைய ரியூப் லைற் சட்டத்தில் எல்.ஈ.டி. ரியூபைப் போட நினைப்பவர்கள் சோக்கையும் ஸ்ராட்டரையும் கழற்றி வயரிங்கை மாற்ற வேண்டும். சில ரியூபுகளுக்கு ஒரு முனையிலும் சிலவற்றுக்கு இரு முனைகளிலும் மின்சாரம் கொடுக்கப்படுவதால், வரைபடத்தைப் பாராமல் இணைத்தால் ஆபத்து. சட்டத்தோடு ஒன்றாக வரும் வகையை வாங்குவது பாதுகாப்பானது, அதற்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

மின்கட்டணத்தைக் கணக்கிடுவது எளிது. நான்கு ரியூபுகள் 72 வாற்ஸ். நாளுக்கு 14 மணித்தியாலம் எரித்தால் ஒரு யூனிற் செலவாகும். நான்கு கிழமைக்கு 28 யூனிற். நமது வீட்டுக் கட்டணம் யூனிற் கூடக் கூட அடுத்த படிக்கு ஏறும் முறையில் இருப்பதால், ஏற்கெனவே படியின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்த 28 யூனிற் தனது அளவை விடக் கூடுதலாகச் சுமையாகும். அந்த மாதத்துக்கு மட்டும் வேறு எங்காவது பாவனையைக் குறைத்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில்தான் நான்காவது வகையான, முழு நிறமாலை எனப்படும் வெள்ளைப் பலகை விளக்கு வருகிறது. ஸாம்சங் எல்.எம். 301 வகை டயோட்டுகளை, அதாவது ஒளி தரும் சிறு சில்லுகளைப் பயன்படுத்தும் பலகைகள், ஒரே மின்சாரத்தில் சாதாரண ரியூபைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒளி தரக்கூடியவை. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகும் பலவற்றில் உண்டு. பொருளைப் பார்த்தால் இதுவே சிறந்தது. ஆனால் ஆண்டில் நான்கைந்து கிழமை மட்டும் பயன்படுத்தும் வீட்டுக்கு, இது மிச்சப்படுத்தும் பதினைந்து யூனிற்றுக்காக ரியூபுகளின் விலையைப் போலப் பல மடங்கு கொடுப்பது கட்டுப்படியாகாது. ஆண்டு முழுவதும் கன்று வளர்த்து விற்பவர்களுக்கும், அறைக்குள் கீரை முளைகள் வளர்ப்பவர்களுக்கும் கணக்கு மாறும். அவர்கள் தயங்காமல் இதை வாங்கலாம். வாங்கும்போது செருகி தட்டையான இரட்டைப் பின்னோடு வருகிறதா என்று கேட்டு, நமது சதுரப் பின் பிளக்குக்கு ஏற்றதையே கேளுங்கள். மழைக்கால ஈரத்தில் மாற்றுச் செருகிகள் தளர்ந்து பொறி தட்டுவதை நான் விரும்பவில்லை.

எந்த விளக்காயினும் ரைமர் இல்லாமல் வைக்க வேண்டாம். நாற்றுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் வரை ஒளி போதும். இரவும் பகலும் தொடர்ந்து எரித்தால் தக்காளி இலைகள் வெளிறிப் பழுதாகும். ரைமரைத் தெரிவு செய்வதில் நமக்கு ஒரு தனிக் கவலை உண்டு. சுற்றியுள்ள சிறு பற்களை அழுத்தி நேரம் வைக்கும் பொறிமுறை ரைமர், மின்சாரம் நின்றவுடன் தானும் நின்று, மின்வெட்டு நீடித்த அளவுக்குப் பின்தங்கி விடும். மாரியில் கம்பி அறுந்து அடிக்கடி மின்சாரம் போகும் ஊர்களில் சில நாட்களிலேயே விளக்கு நடுச்சாமத்தில் எரியத் தொடங்கும். உள்ளே சிறு பற்றறி உள்ள டிஜிற்றல் ரைமர் நேரத்தை விடாது காத்துக்கொள்ளும். விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள். தண்ணீர் விடும் இடத்தில் மின்சாரம் இருப்பதால் வீட்டின் ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்த பின்னரே றாக்கையை இயக்க வேண்டும். ஐப்பசி இடி முழக்கத்தின்போது பிளக்கைக் கழற்றி விடுவது அவசியம், எல்.ஈ.டி. விளக்குகளில் முதலில் எரிந்து போவது டயோட்டு அல்ல, அதற்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் ட்றைவர்.

காற்றோட்டத்துக்கு மேசை விசிறியை மிகக் குறைந்த வேகத்தில், கன்றுகள் இலேசாக அசையுமளவுக்குத் திருப்பி வைத்தால், தும்புத்தூளின் மேற்பரப்பு காய்ந்து நாற்றழுகல் குறையும். அசைவினால் தண்டும் குட்டையாகத் தடிக்கும். விசிறி இல்லாத நேரத்தில் உள்ளங்கையால் நுனிகளை நாளுக்கு இரண்டு முறை மெல்லத் தடவிக் கொடுத்தாலும் தண்டு அதே போலத் தடிக்கும்.

தக்காளி மூன்று நான்கு கிழமையிலும், மிளகாயும் கத்தரியும் நான்கு ஐந்து கிழமையிலும் நடவுக்கு வரும். விளக்கின் கீழ் 12,000 லக்ஸில் நின்ற கன்றை ஓர் இலட்சம் லக்ஸ் வெயிலில் நேரடியாக வைத்தால் இலை வெந்து வெள்ளைத் திட்டாகி விடும். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணித்தியாலம், பிறகு நாளுக்கு நாள் சிறிது கூட்டி, மதியத்தில் கிடுகு நிழலில் வைத்து, ஒரு கிழமைக்குள் முழு வெயிலுக்குப் பழக்க வேண்டும். அந்தக் கிழமையில் தண்ணீரையும் சற்றுக் குறைத்து, நடும் நாளன்று மாலை வெயில் தணிந்த பின் பாத்தியில் வைத்து, வேரடி நனையத் தண்ணீர் விடுங்கள்.