ஐந்து வார லீவில் இரைப்பை ஆபரேஷன் பார்க்கப் போன கதை

இந்த முறை பல்லடம் போனது கல்யாணத்துக்கோ கோயில் நோம்பிக்கோ இல்லை. எடை 112 கிலோ, உயரம் 158 செ.மீ., எட்டு வருஷமாகச் சுகர். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 45-ஐத் தொட்டுவிட்டது. எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்காக, லண்டனில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை வழியாக டயட்டீஷியன், மனநல ஆலோசனை என்று ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் தேதி மட்டும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. கோவையில் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். ஐந்து வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு வாரம் சொந்தக்காரர் வீடுகளிலேயே ஓடிவிட்டது. அப்புறம் போன முதல் மருத்துவமனை பளபளவென்று இருந்தது. எடை மெஷினில் ஏறி இறங்குவதற்குள் கையில் பேக்கேஜ் தாள்: ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), 3 லட்சத்து 70 ஆயிரம், மூன்று நாள் அட்மிஷன், ஏர்போர்ட் கார் இலவசம். கவுன்சலர் பெண் டிராயரிலிருந்து ஒரு ரப்பர் இரைப்பையை எடுத்தார். இரண்டு துண்டாகச் செய்து நடுவில் காந்தம் வைத்திருந்தார்கள். படக்கென்று பிரித்து, பெரிய துண்டை ஓரமாக வைத்துவிட்டு, வாழைப்பழம் போல மிஞ்சியதைக் காட்டினார். "இவ்வளவுதான் மேடம். குடல்ல கையே வைக்கறதில்லை. பைபாஸ்னா ரெண்டு இடத்துல ஜாயின்ட் போடணும், அது கொஞ்சம் ரிஸ்க்."

பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதைக் குடலோடு இணைத்துவிடுவது. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஸ்லீவில் வேலை குறைவு, நேரமும் குறைவு. ஆனால் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்த பிறகு திரும்ப ஒட்டிக்கொள்ள நிஜத்தில் காந்தம் கிடையாது. அதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, விலையைத்தான் கேட்டேன்.

நல்லவேளையாக, மாமா மகள் விடவில்லை. அவள் மூன்று வருஷம் முன்பு ஸ்லீவ் செய்துகொண்டு 38 கிலோ குறைந்தவள். சுகர் மாத்திரை நின்றது, மாடிப்படி ஏறுகிறாள், பழைய ஜாக்கெட்டெல்லாம் தங்கச்சிக்குப் போய்விட்டது. வருத்தமே இல்லை என்கிறாள். ஆனால் இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடிவதில்லை. ராத்திரி புளித்த தண்ணி தொண்டைக்கு வந்துவிடுகிறதாம், காலையில் எழுந்ததும் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை. "உனக்குத்தான் முன்னாடியே நெஞ்செரிச்சல் இருக்குல்ல? இன்னொரு டாக்டரையும் பாத்துட்டு முடிவு பண்ணு" என்றாள்.

இரண்டாவது இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, டோக்கன் 23, இரண்டரை மணி நேரம் காத்திருப்பு. வயதான சர்ஜன். என் எடையைக் கேட்கும் முன்பே, "சாப்பிட்டுப் படுத்தா எரியுதாம்மா?" என்றார். எரியும் என்றேன். "நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க."

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ரத்தப் பரிசோதனை, எக்கோ, எண்டோஸ்கோபி எல்லாம் மறுநாள் மதியத்துக்குள் முடிந்து, கலர் படத்தோடு ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. லண்டனில் இதற்கே மாதக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்திருப்பேன். ரிப்போர்ட்டில் இருந்தது: ஹயாட்டஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானம் வழியே நெஞ்சுப் பக்கம் ஏறியிருப்பது), உணவுக்குழாயின் அடியில் புண்.

ஸ்லீவ் போட்டால் இரைப்பை ஒல்லியான குழாயாகிறது, உள்ளே அழுத்தம் கூடுகிறது, அமிலம் மேலே ஏறுகிறது என்று சர்ஜன் தாளில் வரைந்து காட்டினார். சுவிட்சர்லாந்தில் இரண்டு ஆபரேஷனையும் ஐந்து வருஷம் ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். எரிச்சல் மோசமானது ஸ்லீவ் செய்தவர்களில் 31.8 சதவீதம், பைபாஸில் 6.3. ஆனால் மறுபடி ஆபரேஷனோ வேறு சிகிச்சையோ தேவைப்பட்டது பைபாஸில்தான் அதிகம்: 22.1-க்கு 15.8. ஆக, கவுன்சலர் பெண் சொன்னதும் சரி, மாமா மகள் சொன்னதும் சரி.

பைபாஸின் வில்லங்கங்களையும் சர்ஜன் மறைக்கவில்லை. சாப்பாடு போக இரைப்பையில் முட்டை அளவுக்கு ஒரு பை மட்டும்தான் இருக்கும், மீதி உள்ளேயே சும்மா கிடக்கும். குடலை இணைத்த ஜாயின்ட்டில் புண் வரலாம். வருஷங்கள் கழித்துக்கூடக் குடல் உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். பி12, இரும்பு, கால்சியம் ஆயுளுக்கும். "வலி மாத்திரை ஏதாவது போடறீங்களா?" முழங்காலுக்குத் தினமும் ஐபுப்ரோஃபென் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். ஜாயின்ட்டில் புண்ணை வரவழைப்பதே அந்த மாத்திரைதானாம். மினி பைபாஸ் பற்றிக் கேட்டேன். ஒரே ஜாயின்ட், வேலை சுலபம், ஆனால் பித்தநீர் மேலே வரலாம், உங்கள் தொண்டைக்கு வேண்டாம் என்றார். இரைப்பையைச் சுற்றி இறுக்கும் பேண்ட் என்ற வளையத்தை இப்போது அனேகமாக யாரும் போடுவதில்லை. நழுவுகிறது, இரைப்பையை அரிக்கிறது.

உயிர்ப் பயத்தைக் கேட்டேன். அமெரிக்காவில் இப்படி எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வந்த ஆய்வில், முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். "செத்துப் போவமான்னு எல்லாரும் கேக்கறாங்க. லீக் ஆனா யாரு பாப்பாங்கன்னு யாருமே கேக்கறதில்லை" என்றார். லீக் என்றால் தையல் போட்ட இடம் உள்ளே கசிவது; அது வீட்டுக்குப் போன பிறகும் தெரியவரலாம். காய்ச்சல், நாடி 120-ஐத் தாண்டுவது, இடது தோளில் வலி என்றால் அன்றைக்கே ஓடி வர வேண்டும்.

"ஃப்ளைட் எப்போம்மா?"

"இன்னும் பத்தொன்பது நாள் இருக்குங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆபரேஷனுக்கு முன் கல்லீரல் சுருங்க இரண்டு வாரம் டயட் இருக்க வேண்டும். ஆக, தையல் காயும் முன்பே பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் மடங்கி உட்கார வேண்டியிருக்கும், காலில் ரத்தம் உறையும் ஆபத்து. அங்கே போனபின் என்.எச்.எஸ். தானாக என்னைத் தொடர்ந்து பார்க்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அவர்களிடமே செய்துகொண்டால் குறைந்தது இரண்டு வருஷம் அந்தக் குழுவே பார்க்க வேண்டும் என்பது அந்த நாட்டு மருத்துவ வழிகாட்டுதல். "நான் பண்ணிடுவேன். இருந்து பாத்துக்க ஆறு மாசம் லீவு போட்டுட்டு வாங்க" என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார். எண்டோஸ்கோபிக்கு 3,500 ரூபாய். ஆலோசனைக்குத் தனியாக வாங்கவில்லை.

"அப்ப ஆபரேஷன் இல்லையா கண்ணு?" என்று அம்மா கேட்டதில் நிம்மதியா ஏமாற்றமா தெரியவில்லை. அன்று ராத்திரிச் சந்தகை இரண்டு தட்டு கூடுதலாக வைத்தாள்.

லண்டன் கிளினிக்கில் அந்தக் கலர் படங்களைப் பார்த்துவிட்டு, ஸ்லீவ் என்று எழுதியிருந்ததை அடித்துப் பைபாஸ் என்று மாற்றியிருக்கிறார்கள். காத்திருப்பு வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. ஐபுப்ரோஃபெனை நிறுத்தியாகிவிட்டது. பாராசிட்டமால் முழங்காலுக்குப் போதவில்லை.